தீவகத்தில் மூன்று நாள்



ஊர் பார்க்கும் பயணம் இரண்டு வகைப்படும். நெடுநாள் தங்கி, ஊரோடு ஊராய்க் கலந்து, அதன் நன்மை தீமைகளை அறிந்து வருவது ஒரு வகை. இரண்டொரு நாள் விடுமுறையில் போய், கண்ணிற் பட்டதைக் கண்டு மீள்வது மற்றொரு வகை. முன்னது எல்லார்க்கும் வாய்ப்பதன்று. நம்மிற் பெரும்பாலோர்க்குக் கிடைப்பது பின்னதே. ஆதலின், கிடைக்கின்ற சில நாள்களைப் பயனுறக் கழிப்பது எவ்வாறு என்று எண்ணிப் பார்ப்பது வீண் வேலையாகாது. எதைப் பார்ப்பது, எதை எந்த ஒழுங்கிற் பார்ப்பது, போகுமுன் எதை அறிந்திருப்பது என்னும் மூன்றும் தெளிவானால், மூன்று நாட் பயணமும் முப்பது நாட் பயணத்தின் பயனைத் தரக்கூடும்.

இந்த நோக்கத்தோடு, யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கேயும் தென்மேற்கேயும் பாக்குநீரிணையிற் சிதறிக் கிடக்கும் தீவகத்தைப் பற்றி இன்று பேச எண்ணுகிறேன். ஊர்காவற்றுறையைத் தன்பாற்கொண்ட வேலணைத் தீவு, மண்டைதீவு, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு, இவற்றோடு காரைநகர் என்று நாம் வழங்கும் காரைதீவு ஆகியவை இத்தீவகத்தில் அடங்கும். இவை யாவும் தாழ்ந்த நிலங்கள். மலை இல்லை, ஆறு இல்லை. சுண்ணக்கல்லும் முருகைக்கல்லும் மணலுமே இவற்றின் உடல். பனையே இவற்றின் முடி.

1658ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், இத்தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். வேலணைத் தீவு லைடன் ஆயிற்று. காரைதீவு ஆம்ஸ்டர்டாம் ஆயிற்று. புங்குடுதீவை மிடில்பேர்க் என்றும், நயினாதீவை ஹார்லெம் என்றும், அனலைதீவை ரொட்டர்டாம் என்றும், நெடுந்தீவை டெல்ஃப்ட் என்றும் அழைத்தனர். தாய்நாட்டை விட்டு ஆயிரக்கணக்கான மைல் தொலைவில் வந்திருந்தவர்கள் தங்கள் ஊர்ப் பெயர்களைச் சொல்லி ஆறுதல் அடைந்தார்கள் போலும். அப்பெயர்களுள் நெடுந்தீவுக்கு இட்ட பெயர் மாத்திரமே ஆங்கில வழக்கில் இன்றும் நன்கு நிலைத்திருக்கிறது. ஆனால், அத்தீவில் வாழும் மக்களுக்கு அது என்றும் நெடுந்தீவுதான். வந்தவர் இட்ட பெயர் ஏட்டிலே நின்றது. வாழ்ந்தவர் இட்ட பெயர் நாவிலே நின்றது. தீவகத்துக்குச் செல்பவர் முதலில் உணர வேண்டிய உண்மை இது.

இனிப் பயணத்துக்கு ஏற்ற காலத்தைப் பார்ப்போம். இத்தீவுகளின் நாட்காட்டியை எழுதுவது காற்று. வைகாசி முதல் ஆவணி வரையிற் சோழகக் காற்று தென்மேற்கிலிருந்து ஓயாது வீசும். அக்காலத்தில் நெடுந்தீவுக் கடல் கொந்தளிக்கும். படகிற் செல்வோர் நனையாமற் கரை சேர்வது அரிது. ஐப்பசியிலிருந்து மார்கழி வரை வாடைக் காற்றும் மழையும் புயலச்சமும் உண்டு. தை, மாசி, பங்குனி ஆகிய மூன்று மாதங்களே தக்கவை. மாரி மழையிற் குளங்களும் கேணிகளும் நிறைந்து, தரையெங்கும் புல் தழைத்து, கடலும் அமைந்திருக்கும் காலம் அது. சித்திரைக்குப் பின் வருவோர் வெயிலுக்கு அஞ்சாதவராக இருத்தல் வேண்டும்.

முதல் நாளை ஊர்காவற்றுறைக்கு ஒதுக்குவோம். யாழ்ப்பாணப் பட்டினத்தின் கோட்டையைத் தாண்டியதும் பண்ணைப் பாலம் தொடங்குகிறது. இரு மருங்கும் ஆழமற்ற பரவைக்கடல். அதில் இறால் பிடிப்போர் நட்ட தடிகளும் வலைகளும். இடையிடையே நாரையும் கொக்கும். இப்பாதையை விரைந்து கடந்துவிடலாகாது. பாலம் முடிந்து சிறிது தூரம் சென்றால் அல்லைப்பிட்டி என்னும் ஊர் வரும். பார்வைக்கு இது மணலும் பனையும் நிறைந்த சாதாரணக் கிராமம். ஆனால், இம்மணலின் கீழ் 1970களின் பிற்பகுதியில் அகழ்ந்த ஆராய்ச்சியாளர், சீனத்துச் சொங் வமிசக் காலத்துப் பீங்கான் துண்டுகளைப் பெருந்தொகையாகக் கண்டெடுத்தனர். 2018ஆம் ஆண்டிலே ஷங்ஹாய் அரும்பொருட்சாலையைச் சேர்ந்தவர்களும் இங்கு வந்து அகழ்ந்தார்கள். ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன் சீனத்துச் சரக்கு இக்கரையில் இறங்கியது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ? இன்று ஒதுங்கிக் கிடப்பதாகத் தோன்றும் இத்தீவு, அன்று கிழக்குக் கடலுக்கும் மேற்குக் கடலுக்கும் நடுவிலிருந்த ஒரு சந்தியாகும்.

வழியிலே சாட்டி என்னுமிடத்திற் சிறிது நேரம் தங்கலாம். குளிப்பதற்கு ஏற்ற அமைதியான கடற்கரை அங்கே உண்டு. அதனருகே சிந்தாத்திரை மாதா கோயில் இருக்கிறது. கடலிற் போவோரைக் காக்கும் அன்னையாக மாதாவை வணங்கும் மரபு அப்பெயரில் விளங்குகின்றது. கடலை நம்பி வாழும் மக்கள், தாம் எந்தச் சமயத்தவராயினும், வழித்துணையாக ஒரு தாயை வேண்டுவது இயல்பே. நாளை நயினாதீவிலும் இதனையே வேறொரு வடிவிற் காண்போம்.

ஊர்காவற்றுறை என்னும் பெயரே அதன் வரலாற்றைச் சொல்லிவிடும். பழைய சாசனம் இதனை ஊராத்துறை என்கிறது. போர்த்துக்கேயர் இதனை யானைத்துறை என்று பொருள்படத் தம் மொழியில் வழங்கினர். வன்னிக் காடுகளிற் பிடித்த யானைகளைக் கப்பலேற்றிய துறை இது. துறை என்பதற்கு அவர்கள் வழங்கிய ‘காயிஸ்’ என்னும் சொல்லே ஆங்கிலத்தில் இவ்வூரின் பெயராகத் தங்கிவிட்டது. ஒரு யானையைத் தோணியில் ஏற்றுவது எளிய காரியமா? பாகனின் திறமை, தோணி கட்டும் தச்சனின் திறமை, காற்றை அறிந்த மாலுமியின் திறமை ஆகிய மூன்றும் ஒருங்கு கூடினாலன்றி அது நடவாது. அத்தகைய தொழில் வல்லோர் வாழ்ந்த துறையின் கரையிலே நின்று பார்க்கிறோம் என்ற நினைவு இருந்தால், இன்று அங்கே காணும் அமைதியும் நமக்குப் பொருளுடையதாகும்.

கரையில் நின்று வடக்கே நோக்கினால், காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே கடலின் நடுவில் எண்கோண வடிவான ஒரு கோட்டை தெரியும். நம்மவர் இதனைக் கடற்கோட்டை என்பர். போர்த்துக்கேயர் கட்டிய இதனை 1658இல் ஒல்லாந்தர் முற்றுகையிட்டுக் கைப்பற்றி, ஹம்மன்ஹீல் என்று பெயரிட்டனர். பன்றித் தொடையின் குதிப்பகுதி என்பது அதன் பொருள். இலங்கையின் வடிவம் அவர்கள் கண்ணுக்கு உப்பிட்டு உலர்த்திய பன்றித் தொடையைப் போலத் தோன்றியதாம்! நமது புலவர்கள் முத்தென்றும் மணியென்றும் கண்ட நாட்டைப் பசித்த மாலுமிகள் இவ்வாறு கண்டார்கள். பிற்காலத்தில் இக்கோட்டை சிறைச்சாலையாயிற்று; 1971ஆம் ஆண்டுக் கிளர்ச்சியிற் கைதானோரும் இங்கே அடைக்கப்பட்டனர். இந்நாளில் இது கடற்படையின் பொறுப்பில், பயணிகள் தங்கும் விடுதியாக இருக்கிறது. ஒரே சுவருக்குள் காவலனும் கைதியும் விருந்தினனும் மாறிமாறி இருந்திருக்கின்றனர்.

ஊர்காவற்றுறையிலிருந்து காரைநகருக்கு மோட்டார் பொருத்திய மிதவை ஒன்று செல்கிறது. நம்மவர் இதனைப் ‘பாதை’ என்றே அழைப்பது கவனிக்கத் தக்கது. நிலத்திற் கிடப்பது மட்டுமன்று, நீரிற் செல்வதும் பாதைதானே! சில நிமிட நேரத்துப் பயணமாயினும், கடற்கோட்டையை அருகிற் காண அதுவே நல்ல வழி. காரைநகரில் ஈழத்துச் சிதம்பரம் எனப் போற்றப்படும் சிவன்கோயிலைத் தரிசித்து, சவுக்கு மரங்கள் நிழல் செய்யும் கசூரினாக் கடற்கரையில் மாலைப் பொழுதைக் கழித்து, பொன்னாலைத் தாம்போதி வழியாகப் பட்டினத்துக்கு மீளலாம்.

ஊர்காவற்றுறையை விட்டு நீங்குமுன் கரம்பொன் என்னும் ஊரையும் நினைவு கூர்தல் தகும். தமிழாராய்ச்சியை உலக அரங்கில் ஏற்றிய தனிநாயகம் அடிகள் 1913ஆம் ஆண்டிலே பிறந்த ஊர் அது. 1966இல் கோலாலம்பூரில் முதலாவது அனைத்துலகத் தமிழாராய்ச்சி மாநாடு கூடுவதற்கு முன்னின்று உழைத்தவர் அவர். கப்பல்கள் வந்து போகும் துறையிற் பிறந்த ஒருவர், தம் மொழியையும் கடல் கடந்து கொண்டு சென்றது பொருத்தமே.

இரண்டாம் நாள் நயினாதீவுக்குச் செல்வோம். பட்டினத்திலிருந்து வேலணை வழியாகவும், அதன்பின் கடலை ஊடறுத்துச் செல்லும் நீண்ட தாம்போதி வழியாகவும் புங்குடுதீவை அடைந்து, அதன் மேற்கு முனையிலுள்ள குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போதல் வேண்டும். பஸ்ஸில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் செல்லும். புங்குடுதீவு ஊடாகச் செல்லுங்கால் இருபுறமும் கதவு பூட்டிய வீடுகளையும், கூரை இழந்த சுவர்களையும் காண்பீர்கள். 1990களின் தொடக்கத்திற் போர் காரணமாக மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். பலர் மேலை நாடுகளுக்குச் சென்று அங்கேயே நிலைத்துவிட்டனர். அவர்களுடைய பொருளாற் கோயில்கள் புதுக்கோலம் பூண்டிருக்கின்றன. வீடுகள் ஆளின்றி நிற்கின்றன. புங்குடுதீவில் வாழ்ந்த எழுத்தாளர் மு. தளையசிங்கம், தாழ்த்தப்பட்டோர் எனப்பட்ட மக்களும் கோயிற் கிணற்றில் நன்னீர் அள்ளும் உரிமை பெறல் வேண்டுமென்று 1971இல் சத்தியாக்கிரகம் செய்தவர். 1973இல், நாற்பது வயது நிரம்புமுன் மறைந்தார். தண்ணீர் என்பது இத்தீவுகளில் எத்துணைப் பெரிய பொருள் என்பதை அந்த ஒரு நிகழ்ச்சியே காட்டும்.

குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குப் படகில் இருபது நிமிடமளவிற் செல்லலாம். கோபுரம் முதலிலேயே கண்ணுக்குத் தெரியும். நயினாதீவு சிறியது. இறங்குதுறைக்கு எதிரே நாகபூசணி அம்மன் கோயில். சிறிது தூரத்தில் நாகவிகாரை. யாழ்ப்பாணத்துச் சைவர்களும், தென்னிலங்கையிலிருந்து வரும் சிங்களப் பௌத்தர்களும் ஒரே படகில் நெருங்கியிருந்து, ஒரே துறையில் இறங்கி, இரு வழியே பிரிந்து சென்று, மாலையில் மீண்டும் ஒரே படகில் ஏறுகிறார்கள்.

இவ்விரண்டு தலங்களுக்கும் நாகமே மூலம். புளியந்தீவிலிருந்து ஒரு நாகம் நாள்தோறும் வாயிற் பூவைக் கௌவிக் கடலை நீந்திவந்து அம்மனை வழிபட்டதென்றும், கருடன் அதனை வழிமறித்ததென்றும், அவ்வழியே சென்ற வணிகன் ஒருவன் அவற்றின் பகையைத் தணித்தானென்றும் கோயில் வரலாறு கூறும். மணியாசனம் ஒன்றன் பொருட்டுப் போருக்கெழுந்த நாக அரசர் இருவரைப் புத்தர் வந்து சமாதானப்படுத்தினார் என்று மகாவம்சம் கூறும். நமது மணிமேகலைக் காப்பியத்திலும் புத்த பீடிகையின் பொருட்டு நாக அரசர் இருவர் பொருத கதை உண்டு. அக்காப்பியம் பேசும் மணிபல்லவம் நயினாதீவே என்று கருதும் அறிஞர் பலர். மூன்று கதைகளையும் ஒன்றாக வைத்து நோக்குங்கள். மூன்றிலும் ஒரு பகை எழுகின்றது. மூன்றிலும் வெளியிலிருந்து வந்த ஒருவர் அதனைத் தணிக்கின்றார். கடலின் நடுவே உள்ள இச்சிறு நிலத்தைப் பகை தீரும் இடமாகவே பழையவர்கள் கண்டிருக்கிறார்கள். தமிழ் மொழியின் பெருங்காப்பியம் ஒன்று பௌத்த காப்பியமாயிருப்பதையும் இங்கே நினைத்துக்கொண்டால், இரு வழிபாட்டிடங்களுக்கும் செல்வதிலே நமக்குத் தயக்கம் இராது.

மணிமேகலை அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியைப் பெற்றது மணிபல்லவத்திலே என்பது காப்பியச் செய்தி. அந்தப் பெயராலேயே அம்மன் கோயிலைச் சார்ந்து அன்னதான மண்டபம் ஒன்று இயங்கி வருகிறது. நண்பகலில் வருவோர் யாவராயினும் பந்தியில் அமர்ந்து உண்ணலாம். சிறு பயணத்திலே செய்யத்தக்கன யாவை என்று கேட்பவருக்கு, அப்பந்தியில் ஒரு முறை உட்கார்ந்து எழுவதைத் தவறாது சொல்வேன். ஆனி மாதத்துப் பெருந்திருவிழாவின் போது தீவு கொள்ளாத கூட்டம் கூடும். அமைதியாகத் தரிசிக்க விரும்புவோர் வேறு மாதங்களில் வருவது நல்லது.

நயினாதீவில் பலரும் பாராமற் போய்விடும் பொருள் ஒன்று உண்டு. அம்மன் கோயிலில் ஒரு கற்சாசனம் இருக்கிறது. 1153 முதல் 1186 வரை பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு மன்னன் தமிழிலே பொறிப்பித்த சாசனம் அது. அதன் செய்தி இது: பிற நாட்டார் ஊராத்துறைக்கு வந்து கூடுதல் வேண்டும், வந்தவர்களுக்குக் காவல் கொடுத்தல் வேண்டும். யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்துவிட்டால், நாலில் ஒரு பங்கு அரசுக்கும் மூன்று பங்கு உடையவனுக்கும் ஆகும். பிற சரக்குக் கொண்டுவரும் கப்பல் உடைந்தால், பாதி அரசுக்கும் பாதி உடையவனுக்கும் ஆகும்.

சிங்கள நாட்டு மன்னன் தமிழில் எழுதுவிக்கிறான்; ஏனெனில், இத்துறையிற் படிப்பவர்களின் மொழி அது. கப்பல் உடைந்தவனிடம் எஞ்சியதைக் கரையிலுள்ளோர் பறித்துக்கொள்ளும் வழக்கம் உலகின் பல கடற்கரைகளிலும் இருந்த காலத்தில், பாதியேனும் உனக்கு உண்டு என்று கல்லிலே எழுதிக் கொடுக்கிறான். யானையையும் குதிரையையும் கொண்டுவருபவனுக்குச் சலுகை அதிகம். ஏனெனில், அரசனுக்குத் தேவையானவை அவை. கருணையும் கணக்கும் கலந்த சட்டம் இது. எனினும், கரைக்கு வருகின்ற அந்நியனுக்குப் பாதுகாப்பு உண்டு என்ற சொல், ஏறத்தாழ 850 ஆண்டுகளுக்கு முன் இந்தத் தீவிலே எழுத்தாகிவிட்டது. பயணியாக வருகின்ற நாம், அந்தச் சாசனத்தின் பயனை இன்றும் அனுபவிப்பவர்கள் அல்லமோ?

மூன்றாம் நாள் நெடுந்தீவு. இதற்கு ஒரு நாள் முழுவதும் வேண்டும். இயலுமாயின் ஓர் இரவு தங்குதல் நன்று. குறிகட்டுவானிலிருந்து படகு ஏறத்தாழ ஒரு மணி நேரம் செல்லும். தீவின் பரப்பு ஐம்பது சதுரக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. மாவிலித்துறையில் இறங்கியதும் முச்சக்கரவண்டியோ சைக்கிளோ வாடகைக்கு அமர்த்திக்கொள்ளலாம். திரும்பும் கடைசிப் படகு எப்போது என்பதை இறங்கும்போதே கேட்டறிந்து கொள்ளுங்கள். காற்றைப் பொறுத்து நேரம் மாறுவதுண்டு.

நெடுந்தீவில் முதலிற் கண்ணைக் கவர்வன அதன் வேலிகள். குடாநாட்டிற் பனையோலையாலும் கிடுகாலும் வேலி அடைப்பர். இங்கேயோ முருகைக்கற்களைச் சாந்தின்றி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மதில் எழுப்புகின்றனர். கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலுள்ள வெளியாற் காற்று ஊடுருவிச் செல்வதால், சோழகத்தின் வேகத்தையும் அம்மதில் தாங்கிக்கொள்ளும். போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் திருத்திய பழங்கோட்டையும் இதே கல்லாலானது. அதனருகே, ஒல்லாந்தர் காலத்திற் செய்தி கொண்டு செல்லும் புறாக்களை வளர்த்ததாகக் கூறப்படும் புறாக்கூடு இருக்கிறது. தீவின் மேற்குப் பாகத்தில் வெடியரசன் கோட்டை எனப்படும் இடத்திற் பழைய பௌத்த தூபிகளின் அடித்தளங்கள் உள்ளன. கண்ணகியின் சிலம்புக்கு நாகமணி தேடிக் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து வந்த மீகாமனோடு வெடியரசன் பொருத கதையை வயது முதிர்ந்தோர் இன்றும் சொல்லக் கேட்கலாம். ஆபிரிக்காவிலிருந்து அராபிய வணிகர் கொண்டுவந்ததாகக் கருதப்படும் பெருக்கு மரம் ஒன்றும் உண்டு. அதன் அடிமரத்திலுள்ள பொந்தினுள் ஆட்கள் புகுந்து நிற்கலாம். தென்கோடியில் மாலுமிகளுக்கு அடையாளமாக எழுப்பிய குவிந்தாக் கோபுரம் நிற்கிறது.

இவை அனைத்தினும் பயணிகள் விரும்பித் தேடுவன குதிரைகள். போர்த்துக்கேயர் கொண்டுவந்தனர் என்றும், ஒல்லாந்தர் பெருக்கினர் என்றும் கூறுவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோலன் என்னும் ஆங்கில அதிகாரி இத்தீவின் குதிரை வளர்ப்பை மேற்பார்த்து வந்தார். பின்னர் அத்தொழில் கைவிடப்பட்டது. குதிரைகள் தாமே தம்மைக் காத்துக்கொண்டு, தலைமுறை தலைமுறையாகக் கட்டற்று வாழ்கின்றன. உயரத்திற் குறைந்தவை, சேணமும் கடிவாளமும் அறியாதவை. மாரிக்குப் பின் புல்வெளியில் அவை கூட்டமாக மேய்வது கண்கொள்ளாக் காட்சி. கோடை முற்றிய காலத்திலோ, வற்றிய குளத்தருகே அவற்றுட் சில மடிந்து கிடப்பதும் உண்டு. காரணம் தண்ணீரே.

தண்ணீரைப் பற்றிச் சற்று விளக்கமாகச் சொல்ல விரும்புகிறேன். தீவக வாழ்வின் உயிர்நாடி அது. ஆறில்லாத தீவுகளிலே நன்னீர் எங்கிருந்து வருகிறது? மாரியிற் பெய்யும் மழை சுண்ணக்கல்லின் துளைகளூடே கீழிறங்குகின்றது. நிலத்தின் கீழே கடல்நீர் பரந்திருக்கின்றது. நன்னீர் உவர்நீரினும் இலேசானது. ஆதலால், எண்ணெய் நீரின்மேல் நிற்பது போல, மழைநீர் உவர்நீரின்மேல் வில்லை வடிவில் மிதந்து நிற்கும். கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், அதன்கீழ் ஏறத்தாழ நாற்பது அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது நிலநீர் நூலார் கணக்கு. கணக்கைத் திருப்பிப் பாருங்கள். மேலே ஓர் அடி நீரை இறைத்துவிட்டால், கீழே நாற்பது அடிக்கு உவர்நீர் மேலெழ இடமுண்டாகும். முன்னோர் துலாவினாலும் பட்டையினாலும் மெல்ல இறைத்தனர். மழை அதனை ஈடு செய்தது. இயந்திரத்தால் விரைந்து இறைக்கும்போது ஈடு செய்ய நேரமில்லை, கிணறு உவர்த்துவிடுகிறது. ஒரு முறை உவர்த்த கிணறு மீண்டும் நன்னீராவதற்குப் பல மாரிகள் வேண்டும். நெடுந்தீவிற் சாராப்பிட்டிக் கிணறுகள் நன்னீருக்குப் பெயர்பெற்றவை. ஏனைய இடங்களில் மக்கள் நெடுந்தூரம் குடமெடுத்துச் சென்ற காலம் நெடியது. அண்மையில் உவர்நீரை நன்னீராக்கும் பொறிகள் தீவுகளில் அமைக்கப்பட்டுள்ளன. எனினும், அங்கே ஒரு வாளி நீரை வீணாக்குபவர் பட்டினத்திலே பத்து வாளி நீரை வீணாக்கியவரினும் பெரிய தவறு செய்தவராவர்.

மாவிலித்துறையிற் படகுக்குக் காத்திருக்கும்போது, அங்குள்ள நினைவுச் சின்னத்தின் முன் சற்று நிற்றல் கடன். 1985ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் நாள், நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் புறப்பட்ட குமுதினி என்னும் பயணிகள் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டது. பெண்களும் குழந்தைகளும் உட்படக் குறைந்தது 23 பேர் வெட்டியும் குத்தியும் கொல்லப்பட்டனர். அதனைச் செய்தோர் கடற்படையினர் என்று உயிர் தப்பியவர்கள் சாட்சி கூறினர். இறந்தவர்களுள் ஒருவரும் போருக்குப் போனவரல்லர். பட்டினத்துக்கு அலுவலாகச் சென்றவர்கள். வந்தவனைக் காப்பாற்று என்று கல்லிலே எழுதிய அதே கடற்பரப்பில், சொந்தத் தீவின் மக்களுக்கே காவல் இல்லாத ஒரு நாள் இருந்தது. சாசனத்தைக் கண்டவர்கள் இந்தச் சின்னத்தையும் காண வேண்டும். ஒன்றை மட்டும் பார்த்து வருவது அரைப் பயணமே.

இறுதியாக, பயணிகளுக்குச் சில வேண்டுகோள்கள். குறிகட்டுவானிலே விடுமுறை நாள்களிற் கூட்டம் மிகும். நமக்குப் படகு உல்லாசம். நெடுந்தீவாருக்கு அதுவே பாதை. வைத்தியசாலைக்குப் போகும் நோயாளி, பாடசாலைக்குப் போகும் ஆசிரியர், சந்தைக்குப் போகும் பெண் ஆகியோர் ஏறிய பின்னரே நாம் ஏறுதல் வேண்டும். நாம் ஒரு படகைத் தவறவிட்டால் ஒரு காட்சி குறையும். அவர்கள் தவறவிட்டால் ஒரு நாள் குறையும். மதிலிலிருந்து ஒரு முருகைக்கல்லைத்தானும் நினைவுப் பொருளாக எடுத்தல் ஆகாது. குதிரைகளைத் துரத்திப் படம் பிடித்தலும் ஆகாது. கோடையில் ஓடவிடப்பட்ட குதிரை இழந்த நீரை எங்கே பெறும்? குடிக்கும் நீரைப் பட்டினத்திலிருந்தே கொண்டு செல்லுங்கள். வெறும் போத்தல்களைத் திரும்பக் கொண்டு வாருங்கள். நினைவுப் பொருள் வேண்டுமாயின், பனம்பழக் களியைப் பாயில் ஊற்றி வெயிலில் உலர்த்திச் செய்யும் பனாட்டும், புழுக்கொடியலும், பனையோலைப் பெட்டியும் வாங்குங்கள். நீங்கள் கொடுக்கும் பணம் அதைச் செய்த கைகளுக்கே சேரும். ஒடியற் கூழ் கிடைக்குமாயின் அதையும் உண்டு பாருங்கள். மீனும் நண்டும் ஒடியல் மாவும் ஒன்றாய் வெந்த அந்தக் கூழில் தீவகத்தின் கடலும் பனையும் கலந்திருக்கின்றன.

மூன்று நாளில் தீவகம் முழுவதையும் பார்த்துவிட முடியாது. அனலைதீவும் எழுவைதீவும் எஞ்சும். மாசி, பங்குனியில் அந்தோனியார் திருவிழாவுக்கு மாத்திரம் மக்கள் கூடும் கச்சதீவும் எஞ்சும். எஞ்சுவது நல்லதே, மீண்டும் வருவதற்கு அது காரணமாகும். போர்க்காலத்தில் ஊரை விட்டுப் போனவர்களின் பிள்ளைகள், தாய் தந்தையர் சொல்லக் கேட்ட ஊரைக் காண இன்று விடுமுறைக்கு வருகிறார்கள். அவர்களுக்கும் கிடைப்பது இரண்டு மூன்று நாள்தான். அந்நாள்களில் அவர்கள் ஒரு கிணற்று நீரைச் சுவைத்து, ஒரு மூதாட்டியோடு அமர்ந்து பேசி, பூட்டிய ஒரு வீட்டின் கதவைத் திறந்து பார்த்துப் போவார்களானால், அக்குறும் பயணமே இத்தீவுகளின் நெடுங்கதையிலே ஒரு வரியாய்ச் சேரும்.